ஒரே கேட்டில் இரண்டு ஜாகா

சிலிபினில் உள்ள தன் வீட்டுச் சமையலறையில் புனிதா நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். மேசையின் மறுபக்கத்தில் அவள் அண்ணன் தனேஸ்வரன் அவளுடைய லேப்டாப்புக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. வாசகரே, இந்த இனம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: குடும்பக் கம்ப்யூட்டர் டாக்டர். எந்த வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "மெஷின் ஸ்லோவா இருக்கா?" என்று விசாரிப்பார். இல்லை என்று சொல்லித் தப்பியவர் உண்டா?

எல்லா நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்து, ஆன்டிவைரஸ். ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா? அப்படியானால் இன்னொன்று. தீபாவளிக்கு வந்தபோது முறுக்கைக் கடித்துக்கொண்டே ஒன்றை ஏற்றியிருந்தார். இன்று இரண்டாவதை ஏற்றி, திரையில் முளைத்த கேள்விகளுக்கெல்லாம் படிக்காமலேயே சம்மதம் சொல்லி, கடைசியில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வந்ததும் தொடையில் தட்டிக்கொண்டார்.

"புடிச்சிட்டேன் பாரு! உள்ள ஒருத்தன் உன் பாஸ்வேர்டு பூராவும் சேத்து வச்சிருந்தான். அடைச்சுப் போட்டாச்சு."

புனிதாவின் விரல்கள் நின்றன. "அண்ணே, அவனுக்கு வேலையே அதுதான். ஷர்மினி போட்டுக் குடுத்த பாஸ்வேர்டு மேனேஜர்ணே அது!"

"திருடன் பின்ன திருடன்னா பேரு வச்சுக்குவான்? மேனேஜர்னுதான் வப்பான் லா."

புனிதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மகள் ஷர்மினிக்கு யூனிவர்சிட்டியில் இடம் கிடைத்திருந்தது. இன்று மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஒப்புதல் தராவிட்டால் அது வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். அதற்கான பாஸ்வேர்டும், அதை மாற்ற வேண்டுமென்றால் தேவைப்படும் இமெயிலின் பாஸ்வேர்டும், அண்ணன் அடைத்துப் போட்ட அந்த மேனேஜரிடம்தான் இருந்தன.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த ஷர்மினி திரையைப் பார்த்தாள். "மாமா, என்ன பண்ணீங்க?"

"ரெண்டு நிமிஷம்மா."

இந்த இனத்தின் இரண்டு நிமிடம் எந்தக் கடிகாரத்துக்கும் கட்டுப்படாதது. அணைத்தார். போட்டார். மறுபடி அணைத்தார். ஒரே கேட்டில் காவலுக்கு நிறுத்திய இரண்டு ஜாகாவைப் போல ஆன்டிவைரஸ் இரண்டும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டு மல்லுக்கட்டின. வீட்டுக்காரரை மட்டும் உள்ளே விடவில்லை. "யாரு இதுல கேம் வெளையாண்டது?" என்று அதட்டினார். பிறகு, மிகுந்த கருணையோடு, "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்ருவமா?" என்றார்.

நெத்திலி நாறும் கையாலேயே புனிதா லேப்டாப்பைப் பிடுங்கி மகளிடம் கொடுத்தாள். "நீங்க தேத்தண்ணி குடிங்கண்ணே."

ஷர்மினி புதிய ஜாகாவை வேலையை விட்டு நீக்கினாள். அடைபட்டிருந்த மேனேஜரை மீட்டாள். இவன் நம் ஆள், தொடாதே என்று பழைய ஜாகாவிடம் பதிந்துவைத்தாள். ஐந்து மணி அடிக்கும் முன் ஒப்புதலும் போய்ச் சேர்ந்தது. புனிதா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

தனேஸ்வரன் தேத்தண்ணியை உறிஞ்சினார். "பாத்தியா, நான் வந்ததாலதான் இன்னைக்கே முடிஞ்சது. உன் போனையும் குடு, ரெண்டு நிமிஷம்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் மச்சான் வீட்டு வைஃபையை நீங்கள் 'சும்மா' தொட்டுப் பார்த்ததைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டு அம்மாள் என்ன செய்தார் என்று மட்டும் ஞாபகப்படுத்திப் பாருங்கள். இங்கே புனிதா போனை இடுப்பில் செருகி, நெத்திலித் தட்டைத் தூக்கிக்கொண்டு, எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.