வரிசைத் தட்டில் போன நிக்கல் பேட்டரிகள்

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையாகப்பட்டவன் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, பாயசம் குடித்துவிட்டு வந்துவிட வேண்டும். எனக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

அப்போது நான் பூமியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். (யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.) கார்ட்லெஸ் போன், ட்ரிம்மர், எமர்ஜென்ஸி விளக்கு என்று திருவையாற்றுப் பக்கம் எங்கள் ஊரில் செத்துப்போன ரீசார்ஜ் பேட்டரிகளை வீடுவீடாகக் கேட்டு வாங்கினேன். கேட்மியம் கலந்த நிக்கல் பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. தஞ்சாவூரில் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். முனைகள் உரசிச் சூடாகாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் டேப் சுற்றி, கும்பகோணத்து இனிப்புக்கடையின் காலி டப்பாவில் அடுக்கி மேசைமேல் வைத்திருந்தேன்.

திருவாரூரில் பெண் வீடு. வாசலில் வேன் ஹாரன் அடிக்கும்போது வரிசைத் தட்டுகளை எண்ணிப் பார்த்த அத்தை அலறினார். "ஐயய்யோ, இரட்டைப்படையில வருதே!" ஒற்றைப்படையில்தான் கொண்டுபோக வேண்டும். ஓடிப்போய் என் டப்பாவை எடுத்து, ஒரு தட்டில் வைத்து, மல்லிகைச் சரத்தையும் சுற்றிவிட்டார். கனத்தைப் பார்த்து, நெய்யைத் தாராளமாக விட்டிருக்கிறார்கள் என்று மகிழ்ச்சி வேறு.

பெண்ணின் தாய்மாமன்தான் அந்த டப்பாவைத் திறந்தார். "அட, முந்திரி ரோலு!" என்று ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

"மாமா, கடிக்காதீங்க! கேட்மியம்! விஷம்!"

அந்த வீட்டில் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"என்னங்க சம்மந்தி, வரிசையில விஷமா வச்சிருக்கீங்க?" என்றார் தாய்மாமன். என் அப்பா என்னைப் பார்த்தார். எனக்குக் கயல்விழியைப் பெண் பார்த்த அன்றே பிடித்துப்போயிருந்தது. அவள் கைநழுவிப் போகிறாளே! பயத்தில் பேச ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. அது செத்த பேட்டரி, குப்பையில் போட்டால் துருப்பிடித்துக் கசியும், வாய்க்காலில் இறங்கும், வயலுக்குப் பாயும், அரிசியில் ஏறும் என்று அடுக்கினேன். (பின்கட்டில் பந்திக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள்.) அத்தை என் தொடையைக் கிள்ளினார்.

பெண்ணின் அப்பா விவசாயி. அவர் முகம் மாறியது. "அப்ப, போன மாசம் எமர்ஜென்ஸி லைட்டு பேட்டரியை நான் வாய்க்கால்ல வீசுனேனே?"

உள்ளேயிருந்து கயல்விழியின் குரல் வந்தது. "அதை அன்னைக்கே எறங்கி எடுத்துட்டேம்ப்பா. பரண்ல கெடக்கு. எங்க கொடுக்கறதுன்னுதான் தெரியல."

கூடமே சிரித்தது. "அதான் கொடுக்கற எடம் தெரிஞ்ச மாப்பிள்ளை வந்துட்டாருல்ல. தாம்பூலத்தை மாத்துங்க," என்றார் அவள் அப்பா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வந்த தட்டை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாதல்லவா? எங்கள் வேன் கிளம்புவதற்குள் அந்தத் தெருவின் செத்த பேட்டரியெல்லாம் தட்டுக்கு வந்து சேர்ந்தது.

இன்றைக்கும் மாமியார் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும், யாராவது ஒருவர் என் உள்ளங்கையில் பழைய பேட்டரியைத் திணித்து, "மாப்பிள்ளைக்கு ஒரு முந்திரி ரோல்!" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கயல்விழி மட்டும் சிரிக்க மாட்டாள். அதைக் கையில் வாங்கி, முனைக்கு டேப் சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பாள்.