ஒயருக்கு நோகாமல்

ஒயருக்கு நோகாமல் காரின் வெளிச்சத்தைக் கூட்டுவது எப்படி என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த ஊர் சங்கரன்கோவில். உலகம் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அது உலகத்தின் குறை. காரைக் கண்டுபிடித்தவன் ஜெர்மனிக்காரனாக இருக்கலாம். அதன் முகப்பு விளக்கு எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தது நாங்கள். அந்தத் திருப்பணியில் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் நடந்ததை நடந்தபடி சொல்லிவைப்பது என் கடமை.

என்னிடம் கார் கிடையாது. ஒரு பழைய மொபெட் உண்டு. அதன் விளக்கு எரிகிறதா என்று பார்க்க இன்னொரு விளக்கு வேண்டும். "கார் இல்லாதவன்தாம்வே கார் விஷயத்துல நடுநிலையா இருப்பான்" என்று சொல்லித்தான் தலைவர் என்னைச் செயலாளராக்கினார். தலைவர் சங்கரநயினார் அண்ணாச்சி, பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம் வாழ்நாளில் ஒரு ஒயரையும் தொட்டவரல்லர். ஆகவே அவர் கையால் இன்றுவரை எந்த ஒயரும் பழுதானதில்லை. இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

கார் என் அக்காள் மகன் விஜய்சங்கருடையது. அப்பா வழியில் வயல், அம்மா வழியில் தோட்டம், சொந்த முயற்சியில் இந்தக் கார். கொச்சியில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய வெளிநாட்டு வண்டி. கம்பெனியிலேயே செனான் விளக்கு வைத்து அனுப்பியிருந்தார்கள். செனான் என்பது ஒரு வாயு. நம் வயிற்றில் இருக்கும் ரகமல்ல, வெளிச்சம் தரும்.

அந்த விளக்கில் ஒரு குறையும் இல்லை. அதுதான் விஜய்சங்கருக்குக் குறை.

"கம்பெனி குடுத்தத அப்படியே வச்சிருந்தா, கார் நம்மதுன்னு எப்படி மாமா தெரியும்?" என்று கேட்டான்.

பதில் தெரியாத இடத்தில் குழு அமைப்பது நம் நாட்டு வழக்கம். இப்படிப் பிறந்ததுதான் 'முகப்பொளி மேம்பாட்டுக் குழு'. கூடும் இடம், அப்துல் மஜீது பாயின் கார் அலங்காரக் கடை. பாய் கடையநல்லூர்க்காரர். துபாயில் பல வருஷம் கார் விளக்கு விற்றவர். மணி என்ன என்று கேட்டாலும் 'துபாய்ல' என்றுதான் ஆரம்பிப்பார்.

"துபாய்ல ஒரு ஷேக்கு, ஒயர வெட்டி லைட்டு மாட்டுனான். நடுப் பாலைவனத்துல வண்டி நின்னுபோச்சு. ஒட்டகத்துலதான் வீடு போய்ச் சேந்தான்."

விஜய்சங்கர் வெளிறிப்போனான். "பாய், ஒயர் மேல கத்தி படக் கூடாது. அத மட்டும் எனக்கு உறுதியாச் சொல்லிருங்க."

"கத்தி என்ன கத்தி, என் நெகங்கூடப் படாது. அதே சாக்கெட்டு, அதே பிளக்கு. பழச உருவுதோம், புதுச சொருகுதோம். பவரு கூட்டுததுக்கு நடுவுல ஒரு டப்பா. அதுவும் சொருகுததுதான்."

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "தீர்மானமாப் போடும்வே. ஒயரோட ஒடம்புக்கோ மானத்துக்கோ எந்தப் பங்கமும் வரக் கூடாது."

போட்டேன்.

நல்ல நாள் பார்த்து வேலை நடந்தது. பாய் முதலில் பேட்டரியைக் கழற்றினார். பல்பின் கண்ணாடியில் விரல் பட்டால் ஆகாது என்று கையுறை மாட்டிக்கொண்டார். யாரும் தும்மக் கூடாது என்று தலைவர் உத்தரவிட்டார். என் மகள் பிரசவத்துக்குப் போயிருந்தபோதுகூட அவ்வளவு சுத்தபத்தத்தை நான் பார்த்ததில்லை. புது பல்பு உள்ளே போனது. ஒயர் ஒன்றுக்கும் கீறல் இல்லை. விஜய்சங்கர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத் திருப்தியடைந்தான். பிறகு சுவிட்சைப் போட்டான். எதிர்த்த டீக்கடையில் மாஸ்டர் டீயைக் கிளாசுக்கு வெளியே ஆற்றினார்.

"இனி செவுத்துல வெளிச்சத்த அடிச்சு லெவல் பாக்கணும்" என்றார் பாய்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர் உலகத்தை முந்தியது. புது வண்டி வாங்கினால் கோவில் வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசை போட்ட பிறகே ஓட்டுவோம். சக்கரத்துக்கு உள்ள மரியாதை விளக்குக்கு இல்லையா என்று தலைவர் கேட்டார்.

"மொத வெளிச்சம் செவுத்துல விழுததா? எந்தச் செவுரு? நாயி காலத் தூக்குத செவுரு. மொத வெளிச்சம் கோபுரத்துல விழணும்வே!"

"கோபுரம் ஒசரத்துலல்லா இருக்கு, அண்ணாச்சி."

"அப்ப லைட்டத் தூக்கும்."

தூக்கினோம். காரைக் கோபுரத்தைப் பார்க்க நிறுத்தினோம். விளக்குக்குப் பின்னால் ஒரு ஸ்குரூ இருந்தது. பாய் திருகத் திருக, வெளிச்சம் தேரடியைத் தாண்டி, பூக்கடைகளைத் தாண்டி, கோபுரத்துப் பொம்மைகளின் மேல் போய் நின்றது. கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கும் கண்ணில் நீர் வந்தது. பக்தியா கண்கூச்சமா என்று இன்றுவரை தெளிவாகவில்லை.

ஆனால் அந்தக் காருக்கு அடக்கம் அதிகம். ஏற்றி வைத்த விளக்கை அதுவாகவே இறக்கிக்கொண்டது. ஏற்றினால் மறுபடி இறக்கியது. பின் சக்கரத்துப் பக்கம் ஒரு சென்சார் இருந்து அந்த வேலையைப் பார்க்கிறது என்றார் பாய். குழு அதன் பிளக்கை உருவ முடிவு செய்தது.

"வெட்டலயே?" என்றான் விஜய்சங்கர்.

"உருவித்தான் வச்சிருக்கேன்" என்று பாய் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டினார்.

உடனே ஸ்டீயரிங்குக்கு எதிரே மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. ஏதோ எச்சரிக்கை. குழு பதறவில்லை. அதன் மேல் கோமதியம்மன் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியது. அன்று முதல் எச்சரிக்கை அம்மன் பொறுப்பில் இருக்கிறது.

பூசை முடிந்ததும் பாய் ஸ்குரூவில் கை வைத்தார். "எறக்கிரவா?"

"கோபுரத்தப் பாத்த வெளிச்சத்தத் தரையப் பாக்க வைக்கிததா?" தலைவர் ஸ்குரூவுக்கும் பாய்க்கும் நடுவில் வந்து நின்றார். "குடும்பம் வெளங்குமா?"

"கஸ்டமர் இஷ்டம்" என்று பாய் கருவிப் பெட்டியை மூடினார்.

எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். நடுவில் பொன்மணி வந்தாள்.

பொன்மணி கிராமச் செவிலியர். இளையரசனேந்தல் பக்கத்து ஊர்களுக்கு ஸ்கூட்டரில் போய்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுப் பொழுதடையும் நேரத்தில் திரும்புவாள். என் பேத்திக்கும் அவள்தான் போட்டாள். பேத்தி அழுதாள், பார்த்துக்கொண்டிருந்த நானும் அழுதேன், பொன்மணி இரண்டு பேருக்கும் மிட்டாய் கொடுத்தாள். அந்த ரோட்டில்தான் விஜய்சங்கரின் தோட்டமும் இருக்கிறது. விளக்கு மாற்றியதிலிருந்து தினமும் சாயங்காலம் தோட்டத்தில் அவனுக்கு வேலை இருந்தது.

குழு டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் பாய் கடைக்குள் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இவிய காரு எதுக்க வந்தா ரோடே மறைஞ்சு போகுது. வெள்ளையா ஒண்ணுதான் தெரியுது. செத்த பெறகு தெரியும்பாவள்லா, அது மாதிரி. நேத்துப் பாலத்துச் செவுத்துல முட்டப் பாத்தேன். ஒரு நா நெசமாவே முட்டிருவேன். லைட்ட ஒரு பொட்டு எறக்கிருங்க."

விஜய்சங்கர் டம்ளரைக் கீழே வைத்தான். "இதுக்காவ ஒயர்ல கை வைக்கச் சொல்லுதியா?"

"ஒயர்ல எதுக்கு வைக்கணும்? ஸ்குரூவத் திருகுங்க."

"ஸ்குரூவத் திருகினா ஒயரு அசையும்லா?"

தலைவர் கையை உயர்த்தி அமைதி உண்டாக்கினார். "ஏம்மா, நீ ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிடேன்."

"பொழுதடைஞ்ச பெறகா?"

"வெளிச்சந்தான தொந்தரவுன்னு சொல்லுத?"

"காரு போன பெறகு இருட்டுல்லா, அண்ணாச்சி?"

"அப்பக் கழட்டிரு."

"ஒரு கையில ஆக்சிலேட்டரு, ஒரு கையில பிரேக்கு. மூணாவது கை இன்னும் கவர்மெண்டுல தரல."

பொன்மணியின் கண்கள் குறித்துக் குழு ஆழ்ந்த கவலை கொள்வதாகத் தீர்மானம் எழுதினேன். பாய் கடையிலிருந்தே ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து இலவசமாக நீட்டினார். அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத ஒங்க காருக்கு மாட்டி விடுங்க" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் சொன்னது சரி என்று எனக்குத் தோன்றியது. வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. கையிலிருந்த டீ சூடாக இருந்தது. டீயோடு அதுவும் உள்ளே போய்விட்டது. செயலாளர்களுக்கு ஜீரண சக்தி அதிகம்.

அடுத்த சில வாரங்களில் சிவகிரியிலிருந்துகூட ஆட்கள் வந்து எங்கள் முறையைப் பார்த்துப் போனார்கள். தலைவர் ஒவ்வொருவரிடமும் ஒயரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டவர்கள் பாராட்டினார்கள்.

ஒருநாள் விஜய்சங்கர் என்னையும் தோட்டத்துக்கு அழைத்துப் போனான். போகும்போது மேற்கே கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. பனைகளின் தலைகள் பளிச்சென்று தெரிந்தன. கரண்டுக் கம்பத்தில் அடையப் போன காக்கை, விடிந்துவிட்டதென்று எழுந்து கரைந்தது. ரோடு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். அதைப் பார்க்க நாங்கள் விளக்கு வைக்கவில்லை.

எதிரே சின்னதாக ஒரு வெளிச்சம் வந்தது. தடுமாறியது. பக்கவாட்டில் திரும்பியது. காணவில்லை.

"ஏலே, நிறுத்துலே! யாரோ விழுந்துட்டாங்க!"

இறங்கி ஓடினோம். காருக்கு முன்னால் ஊருக்கே போதுமான வெளிச்சம் இருந்தது. எல்லாம் ஆகாயத்தில் இருந்தது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ரோட்டோரம் மை பூசியது போல இருந்தது. செல்போன் டார்ச்சைப் போட்டேன். அந்த வெளிச்சத்துக்கு முன்னால் அது எரிவதே தெரியவில்லை.

"யாரு அது?"

"பொன்மணிதான், அண்ணாச்சி." குரல் கீழேயிருந்து வந்தது. "இங்கன, பள்ளத்துல கெடக்கேன். வண்டி கால் மேல கெடக்கு. அசைக்க முடியல."

"எங்கன இருக்கன்னே தெரியலயேம்மா!"

"தெரியாது. அந்த லைட்ட அணைங்க. அப்பத்தான் நான் ஒங்களுக்குத் தெரிவேன்."

"ஏலே, அணைலே!" என்று கத்தினேன்.

விஜய்சங்கர் காருக்குள் கையை விட்டான். சுவிட்சுக்குப் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

"மாமா, அணைக்கலாந்தான். ஆனா இந்த பல்ப சும்மா சும்மா அணைச்சுப் போட்டா ஆயுசு கொறைஞ்சிரும்னு பாய் சொல்லியிருக்காரு."

"அப்படியா?" என்றாள் பொன்மணி. "அதுக்கு இப்ப என்ன வயசு?"

நான் அவனைத் தள்ளிவிட்டு சுவிட்சைத் திருகினேன். ரோடு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. முதலில் மருந்துப் பெட்டி திறந்து கிடப்பது தெரிந்தது. அப்புறம் ஸ்கூட்டரின் சக்கரம். அப்புறம் பொன்மணி. எங்கள் காலடியில்தான் கிடந்தாள். இன்னும் ஓரடி தேடியிருந்தால் மிதித்திருப்போம்.

முகப்பொளி மேம்பாட்டுக் குழுவின் செயலாளராகப் பெருமையோடு பதிவு செய்கிறேன்: அத்தனை பாடுபட்டு மாட்டிய அந்த விளக்கால் எங்கள் கண்ணுக்கு ஒரு மனுஷி தெரிந்தது அன்றுதான். அதுவும், அணைத்த பிறகு.