கொடிக்குப் பின்னால் கறையான்

வீடுகாட்டிகள் என்றொரு மனித இனம் இருக்கிறது. வீட்டை விற்பது என்று முடிவெடுத்த மறுநிமிடமே அதன்மேல் புதிதாகக் காதல் கொண்டுவிடுகிறவர்கள். இருபது வருஷமாக "சனியன் பிடித்த வீடு" என்று திட்டிக்கொண்டே குடியிருந்திருப்பார்கள், வாங்க ஆள் வருகிறது என்றால் போதும், ஒட்டடை அடித்து, சுண்ணாம்பு பூசி, கால் ஒடிந்த நாற்காலியைச் சுவரோடு சாய்த்து, யாரும் அதில் உட்கார்ந்து தொலைக்காதபடி ஒரு பூச்சாடியையும் ஏற்றிவைத்துவிட்டு, "இப்படி ஒரு வீடு கிடைக்குமா?" என்று கண்கலங்குவார்கள். விற்க மனமில்லையா? அதெல்லாம் இல்லை. விலையோடு கொஞ்சம் பாராட்டும் வேண்டும்.

இந்த இனத்தின் சகல லட்சணமும் பொருந்தியவர் பினாங்கில் டத்தோ கிராமாட் பக்கம் இருந்த ஏரம்பமூர்த்திக் கிராணியார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க ஆபீஸில் எழுத்து வேலை. ஜப்பான்காரன் ஆண்ட மூன்றாவது வருஷம் அது. மரவள்ளிக்கிழங்காகவே தின்று அவர் மனைவி யோகலட்சுமிக்கு இரண்டு காலும் வீங்கிவிட்டன. அரிசிச் சோறு கொடுத்தால் பிழைப்பாள் என்று சொல்லிவிட்டு டாக்டர் கையை விரித்துவிட்டார். அரிசிக்கு எங்கே போவது? வியாபாரி முகம்மது கனி ஒரு வழி சொன்னார். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டெல்லாம் வேண்டாம்; வீட்டுக்குப் பதில் பன்னிரண்டு மூட்டை அரிசி. ஏற்றிக்கொண்டு சுங்கை பாக்காப்பில் யோகலட்சுமியின் தம்பி வீட்டுக்குப் போய்விடலாம். சனிக்கிழமை பத்து மணிக்கு வீட்டைப் பார்க்க வருவதாகப் பேச்சு.

வெள்ளி மாலையே கிராணியார் ஜோடனையைத் தொடங்கிவிட்டார். கூரை ஒழுகும் இடத்துக்கு நேர்கீழே வருஷக்கணக்காக இருந்த வாளி ஒளிக்கப்பட்டது. பக்கத்து வீட்டுக் குணவதியிடமிருந்து திரைச்சீலை இரவல் வந்தது. அரிசிப் பானையில் மணலைக் கொட்டி, மனைவிக்கென்று பங்கீட்டில் கிடைத்த இரண்டு பிடி அரிசியை மேலே தூவினார். சோறு தின்கிற வீடு என்று தெரிய வேண்டுமாம். கூடத்துப் பலகைச் சுவரைக் கறையான் தின்றிருந்தது. அதை மறைக்க, அந்தக் காலத்தில் தட்டுப்பாடே இல்லாத ஒரே பொருளான ஜப்பானின் சூரியக் கொடியை விரித்து மாட்டினார். காலையில், மிச்சம் பிடித்து வைத்திருந்த ஒரு பிடி கோப்பிக் கொட்டையை வறுக்கச் சொன்னார்.

"இஞ்சாருங்கோ, அது தீபாவளிக்கு எண்டு வச்சது."

"வீடு மணக்கவேணும், யோகம். மணம்தான் ஆளை உள்ளுக்கு இழுக்கும்."

இழுக்கத்தான் செய்தது. வேறு ஆளை.

பத்து மணி என்றார்களே, எந்தப் பத்து மணி? ஜப்பான்காரன் வந்ததும் மலாயாக் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்கு, ஒன்றரை மணி முன்னே தள்ளிவிட்டான். கிராணியார் கொட்டாவிகூடத் தோக்கியோ நேரப்படி விடுகிறவர். முகம்மது கனியோ சூரியனைப் பார்த்து நேரம் கணித்துத் தொழுகிறவர். அவருக்குப் பத்து என்றால் பழைய பத்து. இடையில் கிடந்த ஒன்றரை மணி நேரமும் கோப்பி வாசம் தெருவில் ஆள் தேடியது. குடியிருக்க வீடு தேடி வந்த ஒரு ஜப்பான் அதிகாரி அகப்பட்டார். அவர்களுக்கு ஒரு வீடு பிடித்துவிட்டால் எடுத்துக்கொள்வார்கள். அரிசி என்ன, உமிகூடக் கிடைக்காது.

வாளோடு உள்ளே வந்தவர் சுற்றிப் பார்த்து, "ரூமா பாகுஸ்!" என்றார் மலாயில். நல்ல வீடாம்! கிராணியார் குனிந்து வணங்கி நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"கூரை ஒழுகுது எண்டு சொல்லுங்கோ," என்று யோகலட்சுமி அவர் முதுகுக்குப் பின்னால் கிசுகிசுத்தாள்.

அதிகாரியே கூரையைக் காட்டி, ஒழுகுமா என்று கேட்டார். ஆம் என்று ஒரு தலையசைப்பு போதும். வீடு தப்பும், அரிசி தப்பும், அவள் உயிர் தப்பும். கிராணியார் வாயைத் திறந்தார்.

"ஒரு சொட்டு ஒழுகாது, துவான்!"

போதாக்குறைக்கு ஜன்னலைத் திறந்து காற்று வரும் திசையையும் காட்டினார். வீடுகாட்டியின் நாக்கு அப்படி. வீட்டைப் பறிகொடுத்தாலும் கொடுக்குமே தவிர, விட்டுக்கொடுத்துப் பேசாது.

இனி இந்த மனிதரை நம்பிப் பயனில்லை என்று யோகலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. வீங்கிய காலை இழுத்துக்கொண்டு முன்னே வந்தாள். பயபக்தியோடு குனிந்தாள். கொடி ஒரு பக்கம் சரிந்திருப்பதாகச் சைகை காட்டினாள். ராணுவக்காரர் பொறுப்பாரா? தாமே போய் விறைப்பாக நின்று கொடியை நிமிர்த்தினார். ஆணி வந்தது. ஆணியோடு பலகை வந்தது. பலகையோடு இருபது வருஷத்துக் கறையான் புற்று அவர் தொப்பிமேலும் கழுத்துக்குள்ளும் பொலபொலவென்று இறங்கியது. அதிகாரி, கிராணியார் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டு, கொடியை மடித்து எடுத்துக்கொண்டு, தும்மியபடியே போனார்.

பழைய பத்து மணிக்கு வந்த முகம்மது கனி, விழுந்த பலகையையும் சிவந்த கன்னத்தையும் பார்த்தார். கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஜப்பான்காரனே வேணாம்னு போன வீடா? இதுதான் எனக்கு வேணும், கிராணியாரே! அழகா இருந்தா நாளைக்கே புடுங்கிக்குவான்லா. மூட்டைய ஏத்தி வண்டிய அனுப்பவா?"

யோகலட்சுமி வேகமாகத் தலையாட்டினாள். கிராணியாருக்குத்தான் பொறுக்கவில்லை.

"முதலாளி, ஒண்டு சொல்லவேணும். உது கறையான் இல்லை. பழம் பலகை, கொஞ்சம் மாவாப் போச்சு, அவ்வளவுதான். மற்றப்படி இந்த வீடு..."

"வாயை மூடுங்கோ!" என்றாள் யோகலட்சுமி, கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக.

அரிசி வந்தது. சுங்கை பாக்காப்பில் சோறு தின்று அவள் கால் வீக்கம் வடிந்தது. கிராணியார் மட்டும், அந்த வீட்டில் கறையானே கிடையாது என்று சாகும்வரை சாதித்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்த நிமிஷம் உங்கள் வாசலில் யாரோ கூப்பிட்டால், உங்கள் கால் எதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளும் என்று எனக்குத் தெரியாதா? அது கிடக்கட்டும். உங்கள் கூடத்துச் சுவரில் காலண்டர் கொஞ்சம் சரிந்திருக்கிறதே, நான் நிமிர்த்தட்டுமா?