திட்டு வாங்கும் தொட்டி

பாரிவாக்கம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், போய்ச் சேர்ந்த மனைவியிடம் இன்னும் திட்டு வாங்குகிற ஆள் ஒருவர்தான் அகப்படுவார். எங்கள் பிளாட்டின் சென்சார் நைனா!

அம்பத்தூர் எஸ்டேட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். மொட்டை மாடியில் தோட்டம் போட்டு, தொட்டிக்குத் தொட்டி சென்சார் குத்தினார். மண் காய்ந்தால் போனுக்குத் தகவல் வரும். போனை எங்கே வைத்தோம் என்பதுதான் மனிதருக்கு நினைவிருக்காது. அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா பார்த்தார். மண் காய்ந்தால் கத்துகிற மாதிரி மாடியில் ஒரு ஸ்பீக்கரைக் கட்டச் சொல்லி, தன் குரலையே பதிவு செய்து கொடுத்துவிட்டார்.

"யோவ்! செடி வாடிகினு கீது, நீ இன்னா டீ குடிச்சிகினு கீறே? தண்ணி ஊத்துயா!"

தெருமுனை டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

போன வருஷம் அக்கா மாரடைப்பில் போய்விட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது மாடியிலிருந்து, "யோவ்!" பாதிப் பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மீதிப் பேர் செருப்பைத் தேடினார்கள். நைனா மட்டும், "தோ வந்துட்டேன்மே" என்று எழுந்து போனார்.

பிளாட் சங்கத்துச் செக்ரட்டரி சாருக்குப் பொறுக்கவில்லை. "பசங்க படிக்கணும் நைனா. சென்சாரே தண்ணி திறந்துவிடுற மாதிரி பண்ணிடுங்க."

நைனாவும் சொட்டுநீர்க் குழாய் போட்டார். அதன்பிறகு மண் காயவே இல்லை, ஸ்பீக்கருக்கும் வேலை இல்லை. கத்திரிக்காய் காய்த்துத் தள்ளியது. வீடு வீடாகக் கொடுத்தார். ஆள்தான் பாதியாகிப் போனார்.

"இன்னா நைனா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"செடிங்கல்லாம் சோக்கா கீது தங்கச்சி. ஊடுதான் கம்முனு பூடுச்சி."

நேரே செக்ரட்டரி வீட்டுக்குச் சண்டைக்குப் போனேன். "உங்க வீட்டு மிக்ஸி போடாத சத்தமா சார்? மனுஷனுக்கு இருக்கிறதே அந்த ஒரு குரல்தான்!" மறுநாள் அவரே நைனாவைக் கூப்பிட்டு, ஒரு மிளகாய்த் தொட்டியை மட்டும் குழாயிலிருந்து கழற்றச் சொல்லிவிட்டார்.

இப்போது மறுபடி திட்டு விழுகிறது. நைனாவும் மாடிக்கு ஓடுகிறார்.

நேற்று மழை பிடித்துக்கொண்டது. காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு ஓடினால், செக்ரட்டரி சார் தொப்பலாக நனைந்தபடி, தன் குடையை அந்த மிளகாய்த் தொட்டிக்கு மேலே கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மண்ணு காயணும்லம்மா?" என்றார்.

துணி கிடக்கட்டும் என்று கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.