அக்கா கன்னத்தில் பழகிய தொழில்

மனித முகத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவளாக நான் வாழ்ந்தது மொத்தம் இருபத்தாறு நாட்கள். அதற்கு முன்னும் ஒன்றும் தெரியாது, பின்னும் தெரியாது. ஆனால் அந்த இருபத்தாறு நாளும் திருச்சியில் ஒரு மருகூட என் கண்ணில் படாமல் தப்பியதில்லை.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. யுத்த காலம். அப்பா தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். கன்டோன்மென்ட்டில் மிஸஸ் கிளாரா என்ற ஆங்கிலோ இந்திய அம்மாள் பெண்களுக்கு அழகு நிலையம் வைத்திருந்தார். முதலில் துரைமார் வீட்டுப் பெண்கள்தான் அங்கே போவார்கள். பிறகு வக்கீல் வீட்டு அம்மாக்களும் திரை போட்ட ஜட்காவில் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்குத் தங்கள் முகத்தைப் பற்றித் தமிழில்தான் கவலைப்படத் தெரியும். அதனால் தமிழ்ப் பெண்கள் நான்கு பேரைச் சேர்த்து, முகத்திலும் கழுத்திலும் இருக்கும் மரு, பாலுண்ணி, கறை இவற்றையெல்லாம் நீக்க ஒரு மாதம் பயிற்சி கொடுப்பதென்று முடிவு செய்தார். தேறினால் சான்றிதழ். நால்வரில் ஒருத்திக்கு அங்கேயே வேலை.

"மருந்து சம்பந்தப்பட்டதுதானே, போயிட்டு வரட்டும்" என்றார் அப்பா.

"ஊரார் மூஞ்சியில இருக்கறதை நோண்டறதுக்கு ஒரு படிப்பா?" என்றாள் அம்மா.

மரகதம் அக்கா மட்டும் தன் நல்ல புடவைகளில் இரண்டை எடுத்து என்னிடம் கொடுத்தாள். கன்டோன்மென்ட்டுக்குப் பழைய புடவையில் போகக் கூடாதாம்.

முதல் வாரம் முழுக்கக் கை கழுவினோம். (சத்தியமாகச் சொல்கிறேன், வேறு ஒன்றுமே செய்யவில்லை.) இரண்டாம் வாரம் ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார்கள். தோலில் இருக்கும் கறுப்புப் புள்ளியைத் தோல் கிழியாமல் மருந்தும் பஞ்சும் வைத்து எடுக்க வேண்டும். மற்ற மூவரின் பழங்களும் மணப்பெண்கள் மாதிரி ஆயின. என் பழங்கள் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. தடயம் இருக்கக் கூடாதென்று நானே தின்றுவிட்டேன். அன்று இரவு சாப்பாடு வேண்டாம் என்றதும், "பாவம், படிப்புக் கவலை" என்று அம்மா உருகினாள்.

மூன்றாம் வாரம் காரக்குச்சி வந்தது. பென்சில் மாதிரி வெள்ளையாக இருக்கும். வெளிச்சம் படாமல் கறுப்புக் குப்பியில் வைத்திருப்பார்கள். மருவை ஈரமாக்கி, சுற்றிலும் களிம்பு தடவி, நடுவில் ஒரு முறை தொட வேண்டும். ஒரே முறை. பிறகு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். மிஸஸ் கிளாரா இதைச் சொல்லும்போதெல்லாம் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுவார். இன்னொன்றும் சொல்வார்: "மருவை மட்டும்தான் தொடணும். மச்சத்தைத் தொடாதே. மச்சம்னா டாக்டர் கிட்ட அனுப்பு. முதல்ல பாரு, அப்புறம்தான் கை."

நான் பார்த்தேன். ஓயாமல் பார்த்தேன். பால்காரர் கை, எதிர்வீட்டு அம்மாளின் இமை, அப்பாவின் முதலாளி மூக்கு என்று எதையும் விடவில்லை. ஒரு சனிக்கிழமை ஸ்ரீரங்கத்துக்குப் போய்க் கூட்டத்தில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற ஏழு பேரின் பிடரியில் இருந்த பாலுண்ணிகளை வகைப்படுத்தி முடிப்பதற்குள் திரை போட்டுவிட்டார்கள். பெருமாளைப் பார்க்காமலே வீடு திரும்பினேன்.

இந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு இடம் கூடி வந்தது. அவளுக்கு அப்போது இருபத்துநாலு வயது. அந்தக் காலத்தில் அது பேசக்கூடாத வயது. நான்கு இடத்திலிருந்து வந்து பார்த்து, சொஜ்ஜி நன்றாக இருந்தது என்று சொல்லிப் போனவர்கள் போனவர்கள்தான். ஐந்தாவதாக ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தவர்கள் மட்டும் சரி என்றார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அக்கா வழக்கப்படி தலையைக் குனிந்துகொண்டே இருந்ததால், மாப்பிள்ளையின் அம்மா பார்த்தது அவளுடைய வகிட்டையும் வலது கன்னத்து மச்சத்தையும்தான். மிளகளவு இருக்கும், கொஞ்சம் மேடாக. "மச்சக்காரி, எங்க வீட்டுக்கு நல்லது" என்றார் அந்த அம்மாள். மாப்பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்க புத்தகம் எல்லாம் படிப்பீங்களா?"

அக்கா இன்னும் கொஞ்சம் குனிந்து தலையை ஆட்டினாள். அன்றைக்கு அடுப்படியில் என்னிடம், "தனம், என்னை 'நீங்க'ன்னாருடி" என்றாள். மறுநாளும் சொன்னாள். அதற்கு மறுநாள் சொல்ல வாயெடுத்து, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததே இல்லை.

கடைசி வாரம் ஒவ்வொருத்தியும் மரு உள்ள ஒரு ஆளைக் கூட்டி வந்து, மிஸஸ் கிளாராவின் கண்முன்னே எடுத்துக் காட்ட வேண்டும். ஒருத்தி வீட்டுச் சமையற்காரியை அழைத்து வந்தாள். ஒருத்தி தன் அத்தையை. நான் எதிர்வீட்டு அம்மாளின் இமையை நம்பியிருந்தேன். என் வாழைப்பழக் கதை எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. அம்மனுக்கு உப்பும் மிளகும் போடுவதாக வேண்டிக்கொண்டு சமயபுரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். (மரு தானாகவே உதிர்ந்தது என்பது எனக்குக் கூடுதல் அவமானம்.)

ஆள் கிடைக்கவில்லை. இரண்டு நாள்தான் பாக்கி. நான் அழுதேன். அழுதுகொண்டே அக்காவைப் பார்த்தேன். அவள் கன்னத்தில் மிளகளவு, கொஞ்சம் மேடாக, ஒரு மரு இருந்தது.

ஆம், மரு. அதுவரை இருபத்துநாலு வருஷம் மச்சமாக இருந்தது அன்று மாலை மருவாகிவிட்டது. எனக்குத் தேவைப்பட்டது மரு. அதனால் என் கண்ணுக்கு அது மருவாகவே தெரிந்தது. இதைவிட நேர்மையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அக்கா, இது மச்சமே இல்ல. மரு. படிச்சவ சொல்றேன். பத்து நாள்ல உதிர்ந்துடும். கல்யாணத்துக்குக் கன்னம் பளபளன்னு இருக்கும்."

அக்கா கண்ணாடியைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"அழாதே. எடுத்துக்கோ" என்றாள்.

வீட்டில் பழகிப் பார்த்துவிட்டு மறுநாள் மிஸஸ் கிளாராவின் எதிரில் செய்யலாம் என்று என் எண்ணம். முந்தானையில் முடிந்து எடுத்து வந்திருந்த காரக்குச்சியை எடுத்தேன். ஈரமாக்கினேன். களிம்பை மறந்தேன். தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தொட்டேன். ஒன்றுமே ஆகவில்லை. மருந்து பழசு போலிருக்கிறது என்று மூன்றாம் முறை நன்றாக அழுத்தி, சுற்றிலும் தேய்த்தேன். "எரியுதா அக்கா?" என்றேன். "இல்ல" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

வெளிச்சம் பட்டால்தான் அந்த மருந்து கறுக்கும் என்பதை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நான் அந்த நேரம் அடுத்த பெண்ணின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் அக்கா வாசல் தெளிக்கப் போனாள். திரும்பி வரும்போது அவள் கன்னத்தில் அரையணாக் காசு அகலத்துக்குக் கறுப்பு. அம்மா குடத்தைப் போட்டாள்.

ஜட்கா பிடித்து அக்காவை மிஸஸ் கிளாராவிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன். அவர் திட்டவில்லை. புண்ணைத் துடைத்து மருந்து போட்டு, "மன்னிச்சுக்கோம்மா" என்று அக்காவிடம் சொன்னார். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இது மச்சம்னு உனக்குத் தெரியாது?"

நான் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காரக்குச்சியை மேஜைமேல் வைத்தேன்.

"உன் கையில குறை இல்ல. இருக்கறதைப் பார்க்கல, நீ வேணும்ங்கறதைப் பார்த்தே. இந்த வேலை உனக்கு வேண்டாம் சைல்ட். நாளையிலேருந்து வராதே."

வெளியே வந்தபோது அக்கா கேட்டாள்: "என்ன சொன்னாங்க?" "ஆறிடும்னு சொன்னாங்க" என்றேன்.

ஆறத்தான் செய்தது. மூன்று வாரத்தில் கறுப்பு உரிந்து விழுந்தது. மச்சமும் அதோடு போயிற்று. அந்த இடத்தில் வெளிறிப்போன ஒரு சின்னத் தழும்பு மட்டும் மிச்சம். மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போட வருகிறார்கள்.

உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றார் அப்பா. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மூஞ்சியில காரம் வச்சோம்னா, ஏதோ சீக்குன்னு நினைச்சுக்குவாங்க. நீங்க பேசாம இருங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "எடுத்தவதானே நீ, நீயே வை" என்று கண்மைச் சிமிழை என் கையில் கொடுத்தாள்.

வைத்தேன். ஒரு மாதம் கற்றுக்கொண்ட அத்தனையையும் கூட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தழும்பின் மேல் மிளகளவு ஒரு மச்சம் வைத்தேன். என் பயிற்சிக் காலத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான். அசல் மச்சமே கொஞ்சம் போலியாகத் தெரியும், அவ்வளவு அருமை.

நாங்கள் எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டோம். பரிசத்தன்று பெண்ணின் கன்னத்தில் சந்தனம் பூசுவார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா தட்டை வைத்தார், பூ வைத்தார், கிண்ணத்துச் சந்தனத்தை இரண்டு கையிலும் எடுத்து அக்காவின் கன்னங்களில் வாஞ்சையோடு வழித்தார். இடது கன்னத்தில் சந்தனம் மஞ்சளாக இருந்தது. வலது கன்னத்தில் காதுவரை ஒரு கறுப்புக் கோடு ஓடியது. அந்த அம்மாள் தன் விரலைப் பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார். மறுபடி விரலைப் பார்த்தார்.

"மச்சம் கையோட வந்துடுச்சு" என்றார், மெதுவாக.

கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நாங்க பார்த்துட்டுப் போன பொண்ணு இது இல்ல."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ன பேசறீங்க? இவதான் மரகதம். அத்தாட்சி காட்டறேன்" என்று உள்ளே ஓடினார். பெட்டியைக் கவிழ்த்து அக்காவின் பள்ளிச் சான்றிதழைக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் மாமா கையில் வெற்றியோடு கொடுத்தார். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு சபைக்குக் கேட்கும்படி வாசித்தார்: பெயர், தகப்பனார் பெயர், பிறகு அங்க அடையாளம். "வலது கன்னத்தில் ஒரு மச்சம்."

எல்லோரும் அக்காவின் வலது கன்னத்தைப் பார்த்தார்கள்.

"நான்தான் எடுத்தேன்! எனக்குப் பரீட்சை! நான்தான் எடுத்தேன்!" என்று கத்தினேன். ஒருவரும் நம்பவில்லை. மச்சத்தை எடுக்க ஒரு பரீட்சை உண்டென்று ஸ்ரீரங்கத்தில் யார் நம்புவார்கள்?

மாப்பிள்ளையின் அம்மா கெட்டவர் இல்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "ஒண்ணு, பொண்ணை மாத்தியிருக்கணும். இல்லேன்னா, மூஞ்சியில இருந்த எதையோ மறைச்சிருக்கணும். எதுவா இருந்தாலும் எங்களுக்கு வேணாம்ங்க. மன்னிச்சுக்குங்க." தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வாத்தியார் அதற்கப்புறம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. அடுத்த வைகாசியில் அவருக்கு வேறிடத்தில் கல்யாணம் என்று கேள்விப்பட்டோம்.

அவர்கள் போன பிறகு அக்கா கொல்லைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். நான் கிணற்றடியில் நின்றேன், கிட்டே போகத் தைரியமில்லை. என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தனம், உனக்குச் சான்றிதழ் உண்டுதானே? பாஸ்தானே?"

"பாஸ் அக்கா" என்றேன்.

"அப்ப சரி" என்றாள்.

காகிதம் தபாலில் வரும் என்றும் சொல்லிவைத்தேன். யுத்த காலத்தில் ஒரு கடிதம் வராமல் போனதற்கு யாரும் ஆச்சரியப்படவில்லை. மிஸஸ் கிளாரா அடுத்த வருஷமே கடையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார். எனக்குக் கல்யாணமாயிற்று, குழந்தைகள் பிறந்தார்கள். அக்காவுக்கு ஆறாவது இடம் வரவே இல்லை. வாத்தியார் வேலைக்குப் படித்து உறையூரில் முப்பது வருஷம் பாடம் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவளை 'நீங்க' என்றுதான் சொன்னார்கள். அது வேறு என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும் சந்தனக் கிண்ணம் வந்தவுடன் யாராவது ஒருவர், "பார்த்து, மச்சம் கையோட வந்துடப் போகுது" என்பார்கள். உடனே சின்னவர்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டு கதை கேட்பார்கள். அவளைப் போல அதைச் சொல்ல ஆளில்லை. மாமா மாதிரி கண்ணாடி போட்டுக்கொண்டு, அப்பா மாதிரி மூச்சிரைத்து, அந்த அம்மாள் மாதிரி விரலைப் பார்த்து, கூட்டத்தையே சிரித்துப் புரள வைப்பாள். முடிக்கும்போது எப்போதும் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "என் மச்சம் போனா என்ன, என் தங்கச்சி பாஸ்!" என்பாள். சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை இருக்கும்.

போன ஐப்பசியில் அக்கா காலமாகிவிட்டாள். தை மாதம் பேத்தியின் கல்யாணத்தில் கதையைப் பிள்ளைகளே சொல்லி, கடைசி வரியை எல்லோருமாகச் சேர்ந்து கத்தினார்கள்: "தங்கச்சி பாஸ்!" நானும் அவர்களோடு சிரித்தேன்.

நான் பாஸாகவில்லை அக்கா.