கண்டக்டர் வீட்டில் கட்டாய ஓய்வு

தமிழ்நாட்டில் ஓடும் எல்லா பஸ்களிலும் ஏறி இறங்கித் தேடினாலும் எங்கள் கண்டக்டரைப் போல ஒரு கண்டக்டர் கிடைக்க மாட்டாள். இத்தனைக்கும் அவள் ஒரு நாள்கூட பஸ்ஸில் வேலை பார்த்ததில்லை. அப்பா, சித்தப்பா, மாமா யாரும் பார்த்ததில்லை. படித்தது கணக்கு. இப்போது அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஆனாலும் அவள் கண்டக்டர்தான். அவளுடைய கல்யாணப் பத்திரிகை வந்தபோது, அதில் இருந்த பெயரைப் பார்த்து, "யாருடி இந்தப் பொண்ணு?" என்று தோழிகள் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம்.

திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தபோது வந்த பெயர் அது. ஏலாக்குறிச்சி மாதா கோயில் வாசலில் வாங்கிய ஸ்டீல் விசில் ஒன்று எப்போதும் அவள் கழுத்தில் தொங்கும். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். இரண்டு விசில் என்றால் கிளம்ப வேண்டும். மெஸ் வரிசை, பாத்ரூம் வரிசை எல்லாவற்றுக்கும் அதே சட்டம்தான். "உள்ள குளிக்கறவங்க எறங்கும்மா, ஸ்டாப்பிங் வந்தாச்சு!" என்று அவள் கதவைத் தட்டினால் சோப்பு நுரையோடு வெளியே வந்தவர்கள் உண்டு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போக பதினெட்டுப் பேர் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறுவோம். எங்களை எண்ணி முடிக்காமல் அவள் உட்கார மாட்டாள். போகப் போக அந்தப் பழக்கம் முற்றி, பஸ்ஸில் இருக்கும் எல்லோரையும் எண்ண ஆரம்பித்தாள். ஒரு நாள் பாடாலூரில் பஸ் நின்றது. எங்களில் ஒருத்தி முறுக்கு வாங்க இறங்கினாள். அவள் ஓடி வந்து ஏறியதும் எங்கள் கண்டக்டரின் கை பழக்கதோஷத்தில் விசிலை எடுத்தது. இரண்டு விசில். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

சிறுவாச்சூர் நெருங்கும்போது ஒரு பெரியவர், "ஏம்மா, சீட்டு குடுக்கற ஆள எங்க காணோம்?" என்றார். அப்போதுதான் தெரிந்தது. நிஜக் கண்டக்டர் பாடாலூர் டீக்கடையிலேயே நின்றுவிட்டார்.

டிரைவர் ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "விசில் அடிச்சது யாரு?"

இவள் எழுந்து நின்றாள். "நான்தாண்ணே. என் ஆளுங்கள எண்ணிட்டு அடிச்சேன். உங்க ஆள நீங்கதான எண்ணணும்?"

பத்து நிமிஷத்தில் ஒரு பைக்கின் பின்னால் உட்கார்ந்து நிஜக் கண்டக்டர் வந்து சேர்ந்தார். தோளில் பை, கையில் பாதி டீயோடு கண்ணாடி டம்ளர். ஏறியவர் திட்டப் போகிறார் என்று நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம். அவர் இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எத்தன பேரு இருக்கு?" என்றார்.

"அம்பத்திரெண்டு. உங்களோட அம்பத்திமூணு."

அவர் சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். சரியாக இருந்தது. அன்றிலிருந்து பாடாலூரில் விசில் இவளுடையது.

இதையெல்லாம் இப்போது நினைக்கக் காரணம், போன டிசம்பர் லீவு. சென்னையிலிருந்து இருபது மாதக் குழந்தையோடு பெரம்பலூரில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். "பத்து நாளு நல்லாத் தூங்கி எந்திரி" என்றாள் அம்மா. எங்கே தூங்குவது? என் மகன் என் இடுப்பைத் தவிர வேறு எந்த இடத்தையும் ஊர் என்றே ஒப்புக்கொள்ளாதவன். அம்மா தூக்கினால் அழுவான். அப்பா சிரித்தால் அழுவான். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுவான். ஜனவரியில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தைகள் காப்பகம் ஒன்றில் இடம் சொல்லி வைத்திருந்தோம். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை என்னை விட்டு இருப்பானா? இருக்க மாட்டான் என்றால் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். விடலாமா, கூடாதா என்று மார்கழிக் குளிரில் போர்வைக்குள் படுத்து தினமும் ஒரு முடிவெடுத்து, காபி குடிப்பதற்குள் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் போன் வந்தது. "ஏய் லக்கேஜ், நாளைக்கு அரியலூர் வந்து சேரு." லக்கேஜ் என்பது நான்தான். அந்தக் காலத்திலேயே இரண்டு நாள் லீவுக்கு நான்கு பை எடுத்துப் போகிறவள். இப்போது குழந்தை வேறு. ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஃபிளாஸ்க், மூன்று வகை மருந்து, ஏழு செட் சட்டை, ஒரு குட்டித் தலையணை. அதோடு, குழந்தைக்கு எது ஆகும், எது ஆகாது என்று இரண்டு பக்கம் எழுதிய காகிதம்.

அவள் வீட்டு வாசலில் மூன்று படி. நான் இரண்டாவது படியில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "படியில நிக்காதீங்க, உள்ள ஏறுங்க!" ஜன்னலில் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்று ஒட்டியிருந்தது. அவள் கணவரின் பெயரை நான் இன்றுவரை கேட்டதில்லை. அவள் அவரை டிரைவர் என்கிறாள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

சாப்பாடு முடிந்ததும் நான் தட்டை எடுக்கப் போனேன். ஒரு விசில். நின்றேன்.

"இந்த வூட்ல விருந்தாளிக்கு ஒரே வேலதான். படுக்கணும். அந்த ரூம்ல பெட்டு போட்ருக்கு. போ."

"இவன் என்னை விட மாட்டான்டி."

"லக்கேஜ் கண்டக்டர் பொறுப்பு." குழந்தையை என் இடுப்பிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டாள். அவன் வீறிட்டான். நான் அவசரமாக என் இரண்டு பக்கக் காகிதத்தை நீட்டினேன். அவள் படித்தாள். உண்மையிலேயே கடைசி வரி வரை படித்தாள். பிறகு நான்காக மடித்துக் காதில் சொருகிக்கொண்டு, கதவை வெளியே தாழ் போட்டாள்.

கட்டிலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வெளியே ஹாலில் நாற்காலிகளை இழுத்து வரிசையாகப் போடும் சத்தம். "குன்னம்லாம் எறங்கு! குன்னம்!" என்று கூவல். அதற்கு மேல் என் மகனின் அழுகை. கதவைத் தட்டலாமா? தட்டினால் அவளுக்குக் கோபம் வரும். தட்டாவிட்டால் நான் என்ன அம்மா? இன்னும் பத்து எண்ணிவிட்டுத் தட்டலாம் என்று எண்ண ஆரம்பித்தேன். ஆறோ ஏழோ வரை எண்ணியது நினைவிருக்கிறது.

விழித்தபோது ஜன்னலில் சாயங்கால வெயில். தாழ் திறந்திருந்தது. வீட்டில் சத்தமே இல்லை. ஹாலில் வரிசையாக நாற்காலிகள், ஒன்றிலும் ஆள் இல்லை. வாசலுக்கு ஓடினேன். டிரைவர் படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பதறாதீங்கம்மா. ரயில் பாக்கப் போயிருக்காங்க. உங்கள எழுப்புனா எனக்கு ராத்திரிச் சோறு கெடையாதுன்னு ஆர்டர். இருங்க, பைக்ல கொண்டு வுடறேன்."

அவர் சாவி எடுக்க உள்ளே போவதற்குள் நான் தெரு முனையில் இருந்தேன். ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் டிரைவர் செருப்பு. ரயில்வே கேட் மூடியிருந்தது. சிமெண்ட் லாரிகள் வரிசையாக நின்றன. அந்தப் புழுதிக்கு நடுவே கண்டக்டர் நின்றாள். அவள் இடுப்பில் என் மகன். அவன் வாயில் விசில்! எத்தனை பேர் வாய் வைத்த விசிலோ, கழுவினாளோ இல்லையோ. காகிதத்தில் அதை எழுதாமல் விட்டேனே என்றுதான் முதலில் தோன்றியது.

ஒரு கூட்ஸ் வண்டி ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் அவன் எச்சில் ஒழுக ஒரு ஊது ஊதினான். அது சத்தத்தைவிடக் காற்றாகத்தான் வந்தது. என்னைப் பார்த்தான். இரண்டு கையையும் நீட்டினான். நான் ஓடி அருகில் போனதும், ஒரு கையால் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, ரயில் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"அழுதானாடி?"

"பொய் சொல்ல மாட்டேன். முக்கா மணி நேரம் அழுதான். அப்பறம் நிறுத்திட்டான். அழுகைங்கறது ஒரு ஸ்டாப்பிங்டி. வண்டி அங்கயேவா நிக்கும்?"

"என்னை எழுப்பிருக்கலாம்ல?"

"ரெண்டு தடவ வந்து பாத்தேன். வாயத் தொறந்துக்கிட்டு தூங்குன. மூஞ்சியப் பாத்தா ஒரு வருஷத் தூக்கம் பாக்கி மாதிரி இருந்துச்சு. வுட்டுட்டேன்."

ஊருக்குத் திரும்பும்போது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் என்னை ஜன்னலோர சீட்டில் உட்கார வைத்துவிட்டு, கீழே நின்று என் பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். திடீரென்று எனக்கு ஒன்று உறைத்தது.

"ஏய், திருச்சிலேர்ந்து அரியலூருக்கு நேரா பஸ் இருக்கே. அப்பவும் இருந்துச்சு. நீ எதுக்கு மூணு வருஷம் எங்க கூட பெரம்பலூர் வந்து, அங்கேர்ந்து பஸ் மாறி அரியலூர் போன?"

"ஃபிளாஸ்க் எங்கடி? மேல வெச்சியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவள் ஃபிளாஸ்க்கைக் கண்டுபிடித்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். "மொத வாரம் நீ தனியா சென்னை பஸ்ல ஏறி, தூங்கிப்போயி பெரம்பலூர்ல எறங்காம தொழுதூர் வரைக்கும் போயி, ரோட்ல நின்னு அழுதியே. எவளோ வந்து சொன்னா. மனசு கேக்கல. அதான். பழகிருச்சு." பஸ் நகர்ந்தது. "கைய உள்ள எடுறீ!" என்று கத்தினாள். பஸ் திரும்பும்வரை நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. விசில் அவள் கழுத்தில் இல்லை. என் மகன் கையில் இருந்தது.

ஜனவரியில் முதல் நாள், காப்பகத்தின் கேட்டில் அவனைக் கொடுத்தேன். எதிர்பார்த்தபடியே அழுதான். கதவை மூடினார்கள். சாலையில் நின்றேன். உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா, இன்னும் பத்து எண்ணிப் பார்க்கலாமா என்று கால் எந்தப் பக்கமும் போகாமல் நின்றது. ஒன்பது மணிக்கு விடப் போகிறேன் என்று முந்தின நாள் அவளிடம் சொல்லியிருந்தேன். போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். அவள் ஹலோகூடச் சொல்லவில்லை. புதிதாக ஒன்று வாங்கியிருப்பாள் போலிருக்கிறது.

இரண்டு விசில்.

கிளம்பினேன்.