ஊர்ப் பூங்காவெல்லாம் என் பின்னாடி

அன்னிக்கு ஒரு முடிவு எடுத்தேன். சாதாரண முடிவு இல்ல. பல்லு விளக்கிட்டிருக்கும்போதே எடுத்த முடிவு. வாய் நுரையோட வெளிய ஓடியாந்து அறிவிச்சேன்.

"இந்த வருஷம் பூரா, ஞாயித்துக்கிழமை ஆனா உன்னைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஊர்ல ஒரு பூங்கா பாக்கி இருக்கக் கூடாது. வெயிலோ, மழையோ, குளிரோ, நிக்கவே நிக்காது!"

என் பொண்டாட்டி தையல் மிஷினை நிறுத்தினா. "வாயைக் கழுவிட்டு வந்து சொல்லுங்க. துணியில தெறிக்குது."

உங்ககிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிடறேன். எனக்குப் பூ மேல எல்லாம் ஆசை கிடையாது. ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் வித்தியாசம் கேட்டா, முள்ளு குத்தினாத்தான் சொல்லுவேன். விஷயம் வேற. விஷயம் பட்டன்.

அவ டைலர். எங்க வீட்டு முன்னறைதான் அவ கடை. நான் வாரம் பூரா சைக்கிள்ல வீடு வீடா பார்சல் கொடுக்கிறவன். ஞாயித்துக்கிழமை அப்பாடான்னு காலை நீட்டினா, வயித்து மேல தொப்புன்னு ஒரு சட்டை விழும். பின்னாலயே ஊசி நூல் வரும். "சும்மாதானே இருக்கீங்க, அந்தப் பட்டனை மட்டும் தச்சுக் கொடுங்க." அவ 'மட்டும்'னா ஒரு மூட்டைன்னு அர்த்தம். எங்கப்பா என்னைப் பட்டம் வாங்கச் சொல்லிக் காலேஜுக்கு அனுப்பினார். பாதியில தப்பிச்சு ஓடியாந்தேன். பட்டத்துல தப்பிச்சவன் பட்டன்ல மாட்டினேன்.

வீட்ல இருந்தாத்தானே பட்டன்? பூங்காவுல ஊசி ஏது, நூல் ஏது? பெஞ்சு இருக்கு, நிழல் இருக்கு, நான் இருக்கேன். இதுதான் திட்டம்.

அவ சண்டை போடுவா, நாம திருப்பிப் பேசலாம்னு வசனமெல்லாம் தயாரா வெச்சிருந்தேன். அவ சண்டை போடல. என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பார்த்தா. எழுந்து வந்து ஒரு சுத்து சுத்திப் பார்த்தா.

"சரிங்க, போலாம்."

எனக்கு மயக்கமே வந்துச்சு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் யோசனைக்கு அவ சொன்ன முதல் 'சரி' அது. ஜெயிச்சுட்டேனா, தோத்துட்டேனான்னே புரியல.

முதல் வாரம் ரோஜாத் தோட்டம். புதுசா ஒரு மஞ்சள் சட்டை தச்சு, விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

"கையை நீட்டுங்க."

"நானே போட்டுக்க மாட்டேனா?"

"நான் போட்டு விடணும்னு ஆசையா இருக்குங்க."

கரைஞ்சு போயிட்டேன். ஆனாலும் கெத்தை விடலாமா? "அந்தப் பச்சைச் சட்டையே போதுமே?"

"செடி பச்சை, புல்லு பச்சை. நீங்களும் பச்சைன்னா யாரு கண்ணுக்குத் தெரிவீங்க?"

"யாரு கண்ணுக்குத் தெரியணும்?"

"என் கண்ணுக்குத்தாங்க, வேற யாரு?"

வாசல்ல எதிர்வீட்டு கம்பவுண்டர் அண்ணன் நின்னுட்டிருந்தார். பீரோ மாதிரி ஆளு. "தம்பி, அட்டகாசம்! பின்னாடி இருந்து பார்த்தா சும்மா ராஜாதான் போ."

"முன்னாடி இருந்து பார்த்தா அண்ணே?"

"அதை ஏன் தம்பி இப்ப..."

பூங்காவுக்குள்ள போனதும் பெஞ்சைப் பார்த்தேன். பெஞ்சும் என்னைப் பார்த்துச்சு. உக்காரப் போனா ஒரு கத்தல்.

"உக்காராதீங்க! கசங்கிடும்!"

"எது? கல்லு பெஞ்சா?"

கொஞ்சம் முழிச்சா. "புல்லுங்க. கீழ புல்லு இருக்குல்ல. பாவம். நடங்க."

புல்லு மேல இவ்வளவு இரக்கமான்னு நெகிழ்ந்து போய் நடந்தேன். நான் முன்னாடி, அவ எப்பவும் பத்தடி பின்னாடி.

"கூடவே வாயேன்?"

"உங்க நடை அழகு இங்கேருந்துதாங்க தெரியுது."

நானும் தோளை விரிச்சுக்கிட்டு நடந்தேன். எனக்குப் பின்னாடி சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. திரும்பினா யாரும் சிரிக்கல. ஒருத்தர் ஓடியாந்து, "தம்பி, அப்படியே அசையாம நில்லுங்க"ன்னார். நின்னேன். "ம்ம்... சரி"ன்னு தலையாட்டிட்டு நேரா என் பொண்டாட்டிகிட்ட போய்ப் பேசினார்.

"என்னவாம்?"

"வழி கேட்டாருங்க."

இருக்கிறது ஒரே கேட்டு. உள்ள வந்த வழியா வெளிய போகணும். இதுல கேக்க என்ன இருக்கு? வீட்டுக்குத் திரும்பினதும் வாசப்படியிலேயே, "கழட்டுங்க, உடனே துவைக்கணும்"னு சட்டையை உருவிட்டா. என்ன பாசம்!

வெயில் காலத்துல ஏரிக்கரைப் பூங்கா, ஊதாச் சட்டை. அங்கயும் நாலு பேர் வழி கேட்டாங்க. மழைக்காலம் வந்துச்சு. நனைஞ்சுடுவோமேன்னு மழைக்கோட்டை எடுத்தேன்.

"அதைப் போட்டா மறைஞ்சிடும்."

"எது?"

"உங்க அழகு."

கூரை போட்ட கண்ணாடித் தோட்டத்துக்குப் போனோம். குளிர் காலத்துல குன்றுப் பூங்கா. அதுக்குன்னு ஒரு கோட்டு. "மெதுவா கழட்டுங்க... இப்ப திரும்ப மாட்டுங்க... கையைப் பாக்கெட்ல விடுங்க..." கேட்டா, உடம்புக்குச் சூடுன்னா. அங்க ஒரு பெரியவர் என் காதோரமா வந்து, "தம்பிக்கு இடுப்பு எவ்வளவு?"ன்னார்.

"ஐயா, நான் கல்யாணம் ஆனவன்!"

கொஞ்ச நாள்ல இன்னொரு கூத்து. ஏரிக்கரையில என் ஊதாச் சட்டையைப் போட்டுக்கிட்டு இன்னொருத்தன் போறான்! குளத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேர், மஞ்சள் சட்டை. ஊஞ்சல்ல ஒரு குடும்பமே என் கோட்டுல ஆடுது.

"பார்த்தியா? ஊரே என்னைக் காப்பி அடிக்குது!"

"ஆமாங்க. எல்லாம் உங்களைப் பார்த்துத்தான்."

அவ பொய்யே சொல்லலைங்க. அதுதான் கொடுமை. வீட்ல ரெண்டாவதா ஒரு மிஷின் வந்துச்சு. முன்னறைக் கதவு எப்பவும் சாத்தியே இருந்துச்சு. கேட்டா, "சீசன்"ன்னா. எந்தச் சீசன்னு எனக்குப் புரியல. பூங்காவுக்குப் போனா எல்லாக் காலமும் சீசன்தானேன்னு விட்டுட்டேன்.

வருஷம் முடியற நேரம். திரும்பவும் ரோஜாத் தோட்டம், நீலச் சட்டை. உள்ள நுழைஞ்சு கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். விசில் சத்தம். வாட்ச்மேன் ஓடி வர்றார்.

"பூங்காவுக்குள்ள விளம்பரப் பலகை வைக்கக் கூடாதுன்னு தெரியாது?"

"நான் எங்கய்யா வெச்சேன் பலகை?"

"நீங்க வைக்கல. நீங்கதான் பலகை."

எனக்கு ஒரு இழவும் புரியல. அவர் என் முதுகுல தட்டினார். அங்கேயே சட்டையைக் கழட்டினேன். "ஐயோ, கசங்கிடும்!"னு பின்னாடி இருந்து குரல் வந்துச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, வருஷம் பூரா கசங்கக் கூடாதது புல்லு இல்லைன்னு.

முதுகு முழுக்கச் சிவப்பு நூல்ல எம்பிராய்டரி. மல்லிப்பூ பார்டர் வேற.

'ஆண், பெண் உடைகள் அளவெடுத்துத் தைக்கப்படும். விவரங்களுக்குப் பின்னால் வரும் பெண்ணைக் கேட்கவும்.'

அதுக்குக் கீழ, கொஞ்சம் சின்ன எழுத்துல:

'முன்னால் போகிறவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அவருக்கு ஒன்றும் தெரியாது.'

கோவமா திரும்பினேன். வாட்ச்மேன் பின்னாடி போய் அவகிட்ட, "ஏம்மா, காக்கிச் சட்டையும் தைப்பீங்களா?"ன்னு கேட்டுட்டிருந்தார்.

வெறும் பனியனோட வீடு வந்து சேர்ந்தேன். அன்னிக்கு ரெண்டாவது பெரிய முடிவை எடுத்தேன்.

"என் முதுகை வித்துட்டே நீ!"

"பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நுரையோட வந்து நின்னது யாருங்க? நானா?"

"இனிமே ஒரு பூங்காவுக்கும் வர மாட்டேன். ஞாயித்துக்கிழமை வீட்லதான் இருப்பேன். இது சத்தியம்!"

"அப்பாடா! உங்க வாயாலயே எப்ப சொல்லுவீங்கன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்"னு முன்னறைக் கதவைத் திறந்தா.

சட்டை மலை. மஞ்சள் அடிவாரம், ஊதா சரிவு, உச்சியில கோட்டு. ஒண்ணுலயும் பட்டன் இல்ல.

"எல்லாம் உங்களைப் பார்த்து வந்த ஆர்டர். நீங்க தச்சாத்தானே மரியாதை?"ன்னு ஊசியை என் கையில கொடுத்தா.

எனக்குக் குரலே இறங்கிடுச்சு. "இந்தா பாரு... கோவத்துல ஏதோ சொல்லிட்டேன். வர்ற ஞாயிறு ஏரிக்கரைக்கே போலாம். முதுகுல என்ன வேணா எழுதிக்கோ. உக்காரவே மாட்டேன்."

அவ ஊசியில நூலைக் கோத்துக்கிட்டே சொன்னா:

"வேண்டாங்க. கம்பவுண்டர் அண்ணன்கிட்ட பேசிட்டேன். அவருக்கு முதுகு அகலம்."